கரண்ட் போனா அம்மைக்க ஒரு நாள் போவுது: பிஎஸ்4ல ஸ்டார்டியூ வேலி

மலையோரத்துப்பிள்ளை (இழை தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. வீடு குலசேகரம் பக்கம். அண்ணன் கத்தாருக்குப் போகும்போ அவனுக்க பிஎஸ்4ஐ (பிளேஸ்டேஷன் 4, டிவியில மாட்டி ஆடுற கேம் பெட்டி) எங்கிட்ட விட்டுட்டுப் போனான். அதுல கிடந்த சண்டை கேம் ஒண்ணும் எனக்குச் செரிப்படல. ஸ்டார்டியூ வேலி வாங்கிப் போட்டேன். ரெண்டு வாரம் நான் விளையாடினேன். பெறவு டிவி ரிமோட்டு போன வழியிலேயே கன்ட்ரோலரும் அம்மைக்க கைக்குப் போயிட்டு.

தெரியாதவியளுக்கு ரெண்டு வரி. தாத்தா விட்டுட்டுப் போன பாழடைஞ்ச விளை (தோட்டம்) ஒண்ணு உங்க கைக்கு வருது. கையில 500 காசு, 15 பார்ஸ்னிப் (வெள்ளைக் கேரட் கணக்கா ஒரு கிழங்கு) விதை. வெட்டித் திருத்தி, விதைச்சு, வித்து, ஊர்க்காரங்ககிட்டப் பழகி வாழ வேண்டியதுதான். ஜெயிக்கணும் தோக்கணும்னு ஒண்ணும் கிடையாது.

அம்மைக்கு 54 வயசு. இருபது வருஷம் ரப்பர் ஷீட் அடிச்ச கை. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பா, கேமுல தமிழ் இல்ல. அதனால எனக்க பழைய நோட்டு ஒண்ணுல எழுதிக் கொடுத்திருக்கேன்: "பியர் கடை புதன் லீவு. பார்ஸ்னிப் நாலு நாள், விதை 20, வித்தா 35. மழைன்னா தண்ணி ஊத்தண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்குள்ள கட்டில்ல ஏறணும்." பியர்ங்கறது கேமுல விதை விக்குற கடைக்காரருக்க பேரு. அந்த நோட்டு இப்பம் ரேஷன் கார்டு பக்கத்துல இருக்கு.

இனி சங்கதிக்கு வாறேன். இந்தக் கேமுல உறங்கினாத்தான் சேவ் ஆவும். காலை 6 மணியில இருந்து ராத்திரி 2 மணி வரைக்கும் ஒரு நாள், அது நம்ம கணக்குல சுமார் 14 நிமிஷம். அதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா அந்த நாள் நடக்கவே இல்ல. திரும்ப ஆன் பண்ணினா அதே நாள் காலை 6 மணி.

ஐப்பசி பிறந்ததுல இருந்து சாயங்காலம் ஆனா இடிதான். மூணு தடவை இப்பிடி ஆயிட்டு. முந்தாநாள் நடந்தது கேளுங்கோ. வசந்த காலம் 13ஆம் தேதி, முட்டைத் திருவிழா. ஸ்ட்ராபெர்ரி விதை அன்னைக்கு மட்டும்தான் கிடைக்கும், ஒண்ணு 100. அம்மை நாட்கணக்கா மீன் வித்து, காட்டுல லீக் (வெங்காயத்தாள் மாதிரி ஒண்ணு) பொறுக்கி வித்து 1,800 சேத்து வச்சிருந்தா. அத்தனைக்கும் 18 விதை. திருவிழா முடிஞ்சு வீட்டுக்கு வந்தா கேமுல ராத்திரி 10 மணி ஆயிடும். வேக வேகமாக் கொத்தி, ஒவ்வொண்ணா நட்டு, பதினேழாவதுக்குத் தண்ணி ஊத்தும்போ டப்புனு இருட்டு. அம்மை ஒண்ணும் பறயல. கன்ட்ரோலரைப் பைய தரையில வச்சுட்டுத் தீப்பெட்டி தேடப் போயிட்டா.

கேள்வி ரெண்டு:
வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. லைட்டும் ஃபேனும் அணையாது, ஆனா பிஎஸ்4 மட்டும் செத்துப் பிழைக்கு. ஏன்?
நின்டெண்டோ ஸ்விட்ச் (கையில வச்சும் ஆடுற கேம் பெட்டி) வாங்கினா, பிஎஸ்4ல சேவ் ஆன ஆட்டத்தை அதுக்கு மாத்த முடியுமா?

---

கோட்டார்_ஈயம்

ரெண்டாவதுக்கு முதல்ல பதில்: முடியாது. பிளேஸ்டேஷன்ல சேவ் ஆன ஆட்டத்தை நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்குக் கொண்டு போக வழி இல்லை. முதல் நாள்ல இருந்து தொடங்கணும்.

இப்ப இன்வெர்ட்டர். பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்ல ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், யுபிஎஸ், நார்மல்னு (சிலதுல ஈகோன்னு) எழுதியிருக்கும். உங்களது நார்மல்ல கிடக்கும், பந்தயம். நார்மல்ல போட்டா கரண்ட் போய் பேட்டரிக்கு மாற எடுத்துக்கிற நேரம் கூடுதல். ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும், லைட் ஒரு தடவை கண்ணடிக்கும், அவ்வளவுதான். ஆனா பிஎஸ்4, கம்ப்யூட்டர் மாதிரி சாதனத்துக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் (கரண்டைக் கொஞ்சம் சேத்து வைக்கிற பாகம்) ஒரு நொடியில ஐம்பதுல ஒரு பங்கு நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள வரலைன்னா அணைஞ்சிரும். யுபிஎஸ்ல போட்டா நொடியில நூறுல ஒரு பங்கு கிட்ட மாறிடும், கன்சோலுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு சிக்கல் சொல்லிடறேன். யுபிஎஸ் மோடுல வோல்டேஜ் 180க்குக் கீழ இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிடும். உங்க மலையோரத்துல சாயங்காலம் வோல்டேஜ் படுத்துக்கும்னா பேட்டரி சும்மா சும்மா காலியாகும். அப்படின்னா வீட்டு இன்வெர்ட்டரை நார்மல்லயே விட்டுட்டு, டிவிக்கும் பிஎஸ்4க்கும் மட்டும் 600 விஏ கம்ப்யூட்டர் யுபிஎஸ் ஒண்ணு வைங்க. 32 இன்ச் டிவியும் பிஎஸ்4 ஸ்லிம்மும் சேர்ந்து 150 வாட் கிட்ட வரும். பேட்டரி நல்லா இருந்தா பத்து நிமிஷம் தாங்கும். அம்மா தண்ணி ஊத்தி முடிச்சுக் கட்டிலுக்குப் போக அது போதும்.

ரெஸ்ட் மோடை நம்பாதீங்க. கேமை அப்படியே நிறுத்தி வச்சிருக்குன்னு நினைப்போம், அந்த நேரம் கரண்ட் போனா அதுவும் போச்சு.

இன்னொண்ணு. இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இடிக்குக் குடை கிடையாது. கிட்டத்துல இடிச்சா பிளக்கைப் பிடுங்குங்க, டிஷ் கேபிளையும் டிவியில இருந்து கழட்டுங்க. நான் ரிப்பேர் பாக்குற டிவியில ஐப்பசி மாசம் பாதி, அந்தக் கேபிளைக் கழட்டாதவங்களோடது.

---

அபுதாபி_தக்கலை

சகோதரி, இவ்வளவு பாடு எதுக்கு? ஒரு ஸ்விட்ச் வாங்கி அனிமல் கிராஸிங் நியூ ஹொரைசன்ஸ்ங்கற கேமைப் போடுங்க. 2020 மார்ச் 20ல வந்தது, லாக்டவுன் முழுக்க எங்க ரூம்ல ஆறு பேரும் அதுலதான் கிடந்தோம். ஸ்விட்ச்சுக்குள்ளேயே பேட்டரி இருக்கு. கரண்ட் போனா டிவிதான் அணையும், டாக்ல (டிவியோட சேக்குற தாங்கி) இருந்து உருவிக் கையில வச்சு விட்ட இடத்துலயே ஆடலாம். சேவும் தானா ஆகும். வீடு கட்ட அந்தக் கேமுல வர்ற டாம் நூக்ங்கறவன் 98,000 பெல்ஸ் (அந்த ஊர்க் காசு) கடன் கொடுப்பான், வட்டி கிடையாது, தவணை கிடையாது, ஆள் அனுப்ப மாட்டான். எந்த நாட்டுல கிடைக்கும் இது?

---

மலையோரத்துப்பிள்ளை

@அபுதாபி_தக்கலை அண்ணே, நானும் யோசிச்சேன். ஆனா அது நிஜ மணிக்கு ஓடுற கேம் இல்லியா? இங்க ராத்திரி 10ன்னா அங்கயும் 10. அந்தக் கேமுல இருக்குற கடை ராத்திரி 10 மணிக்கு அடைக்கும். அம்மைக்கு ஆடு கோழி பாத்து, சோறு வச்சு, பாத்திரம் கழுவி, சீரியல் முடிஞ்சு கை ஒழியுகது பத்தரைக்கு. என்னைக்கும் அடைச்ச கடைக்கு முன்ன போய் நிக்க முடியுமா?

ஸ்டார்டியூல அம்மை எப்பம் உக்காந்தாலும் அங்க காலை 6 மணி. அரிசி வேகுற நேரத்துல ஒரு நாள் முடிஞ்சிரும்.

@கோட்டார்_ஈயம் பாத்தேன் அண்ணே. நார்மல்லதான் கிடக்கு!

---

நாஞ்சில்வயல்

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. திருவிதாங்கூருக்கே சோறு போட்ட நாஞ்சில் நாட்டு வயல்களை மண்ணடித்து மனை போட்டு விற்றாகிவிட்டது. மிச்சம் இருக்கிற வயலில் நாற்று நட ஆள் இல்லை. இதில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து விவசாயம். உண்மையான மண்வெட்டியைத் தொட்டவர்கள் இந்த இழையில் எத்தனை பேர்?

---

குளச்சல்_சாளை

அண்ணாச்சி வந்தாச்சு, இழை சூடாயிட்டு 😄

நான் மண்வெட்டி தொடல, வலை தொட்டவன். அதனால கேமுல மீன் பிடிக்கிறதைப் பத்தி நான் பேசலாம். முதல்ல கடுப்பு: சூரை மீனைக் கரையில நின்னு தூண்டில்ல பிடிக்கானுவ. எங்க ஆளுவ சூரைக்கு எத்தன நாள் தங்குகடல் போறானுவ தெரியுமா? அங்க கடப்புறத்துல மரப்பலகையில நின்னு வீசினா கோடையிலயும் குளிர்காலத்துலயும் வருது. சாளை கோடையில மட்டும் கிடையாதாம், மத்த மூணு காலமும் உண்டாம். பேய்க்கணவாய் கோடையில காலையில மட்டும், மதியம் ஒரு மணிக்குப் பெறவு வராது. அது வந்தா கன்ட்ரோலர் கையில நிக்காது, திரையில அந்த மீன் படம் மேலயும் கீழயும் பேய் பிடிச்ச மாதிரி ஓடும். அது மட்டும் ரொம்ப உண்மை.

கடல் அட்டையும் கிடைக்கும், 75 காசுக்கு விக்கலாம். நம்ம நாட்டுல 2001ல இருந்து அது வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. பிடிச்சா கேஸ். முதல் தடவை கேமுல தூண்டில்ல ஏறினப்ப நான் நெஜமாவே பதறிட்டேன்.

தடைக்காலம்னு ஒண்ணு அந்த ஊர்ல இல்லவே இல்ல. நமக்கு ஒரே மாவட்டத்துல ரெண்டு தடை. சின்னமுட்டத்துல விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. ரெண்டுமே 61 நாள். நான் ஸ்டார்டியூவை ஆடினதே ஒரு தடைக்காலத்துலதான். நெஜக் கடலுக்குப் போவக்கூடாது, அதனால டிவிக் கடல். அப்பா ஒரு நாள் பின்னால நின்னு பாத்துட்டு, "காத்து எங்கோட்டு அடிக்குன்னு பாக்காம எப்பிடில வீசுக"ன்னு கேட்டாரு. பதில் சொல்லத் தெரியல.

---

மலையோரத்துப்பிள்ளை

@நாஞ்சில்வயல் ஐயா, மண்வெட்டி தொட்ட ஆளு எங்க வீட்டுல ஒண்ணு உண்டு. அதைத்தான் இந்த இழையே பேசுது.

அம்மை இதை விளையாடுற விதமே வேற. கேமுல டேப்பர்னு ஒரு சாமான் உண்டு, மரத்துல மாட்டி விட்டா பால் மாதிரி வடிஞ்சு சேரும். ஓக் மரத்துல வச்சா ஏழு நாள்ல பிசின். நான் விளக்கத் தொடங்குறதுக்கு முன்ன, "இது நம்ம பால்வெட்டுல்லா"ன்னுட்டா. உடனே குற்றம் கண்டுபிடிக்கவும் தொடங்கிட்டா. பட்டையில வெட்டே விழாம எப்பிடிப் பால் வரும்? ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டண்டாமா? மழை பெய்தா சிரட்டையில தண்ணி விழாதா, பிளாஸ்டிக்கு எங்க கட்டியிருக்கு? வெயில் ஏறினா பால் ஓட்டம் நின்னு போவும்னு விடியுமுன்னே நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு விளைக்குப் போன காலம் எல்லாம் சொன்னா. பாலை டிஷ்ஷுல ஊத்தி ஆசிட் சேத்து உறைய வச்சு, உருளையில போட்டு ஷீட்டாக்கி, புகைப்புரையில தொங்கவிட்டு... அந்த வாசம் இப்பவும் அவளுக்க பழைய சேலையில உண்டு. கேமுல ஏழாம் நாள் மரத்துக்கு மேல ஒரு சின்னக் கட்டம் தெரியும், பட்டனை அமுக்கினா பைக்குள்ள. "இவ்வளவுதானா?"ன்னு கேட்டா. பெறவு பதினாலு மரத்துல வச்சா.

ஊர்க்காரங்க பேரெல்லாம் அம்மை மாத்தியாச்சு. மேயர் லூயிஸ் பஞ்சாயத்துத் தலைவர். பியர் பலசரக்குக்காரர். ராபின் தச்சு வேலைக்காரி. மலையடிவாரத்துல கூடாரம் போட்டு இருக்குற லைனஸ் மட்டும் லைனஸ்தான். நான் ஒரு சேவ் ரெண்டாம் வருஷம் வரைக்கும் கொண்டு போய் வச்சிருந்தேன், அதுல பஸ்ஸை நன்னாக்கிப் பாலைவனத்துக்குப் போலாம். அங்க தேங்கா கிடக்கும். லைனஸுக்குத் தேங்கா கொடுத்தா உயிர். இலையுதிர் காலத்துல யாம்னு ஒரு கிழங்கு, நம்ம காச்சில் கணக்கா, அதும் பிடிக்கும். ஊருல வேற யாருக்குப் பிறந்தநாள்னாலும் அம்மைக்கு அக்கறை கிடையாது. தேங்கா கிடைச்சா நேரே கூடாரத்துக்கு. "தேங்கா வேணும்னு கேக்குற ஒரே மனுசன் அங்க அவன்தான்"ங்கா.

கேமுல இடிதாங்கி செஞ்சு வைக்கலாம். இடி விழுந்தா மறுநாள் அதுல பேட்டரி கிடைக்கும். இதைக் கேட்டப்ப அம்மை முகத்தைப் பாக்கணுமே. "அங்க இடி விழுந்தா பேட்டரி வருது, இங்க இடி விழுந்தா டிவி போவுது."

---

மார்த்தாண்டம்_தேன்பெட்டி

டேப்பர் பத்தி அம்மா சொன்னது மாதிரிதான் எனக்கும் அந்த பீ ஹவுஸ், கேமுல வர்ற தேன்பெட்டி. 1920கள்ல ஸ்பென்சர் ஹேட்ச் இங்க தேனீ வளர்ப்பைச் சொல்லிக் கொடுத்த காலத்துல இருந்து எங்க பக்கம் பெட்டி இல்லாத விளை குறைவு. அதனால பெருமையா உக்காந்தேன்.

கேமுல பெட்டி வச்சா நாலு நாளைக்கு ஒருக்கா தேன். குளிர்காலத்துல கிடையாது. பக்கத்துல பூ இல்லேன்னா காட்டுத்தேன், 100 காசு. ஃபேரி ரோஸ்னு ஒரு பூவை நட்டு வச்சா அதே தேன் 680. பெட்டியைத் திறக்கண்டாம், கொட்டு வாங்கண்டாம், ராணி ஓடிப் போகாது.

நம்ம ஊர்த் தேன் சங்கதி கேட்டா அந்தக் கேம் செஞ்சவரே ஆச்சரியப்படுவாரு. ரப்பர்த் தேன் பூவுல இருந்து வருகதே இல்ல. தை, மாசியில ரப்பர் இலை உதிர்ந்து கொழுந்து விடும்போ இலைக்காம்புல ஒரு சுரப்பி இருக்கு, அதுல ஊறுகது. பூவைப் பாத்து வெல ஏத்துற கேமுல இலைத்தேனுக்கு இடமில்ல. ஆடி மழையில நாங்க சீனிப்பாகு காச்சி வைக்கோம், இல்லேன்னா தேனீ பெட்டியை விட்டுட்டுப் போயிரும். அங்க குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்துட்டு வசந்தத்துல மறுபடியும் வேலைக்கு வருது. எனக்கு அப்பிடி நாலு கூட்டம் இருந்தா போதும்.

---

நாஞ்சில்வயல்

என் கேள்வி முன்பு கொஞ்சம் காரமாகிவிட்டது. அம்மையார் பால்வெட்டுக்காரர் என்று தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

அந்த விளையாட்டில் நெல் உண்டா?

---

கோட்டார்_ஈயம்

உண்டு அண்ணாச்சி. 2019ல வந்த அப்டேட்ல சேர்த்தாங்க. பியர் கடையில நாத்து கிடைக்கும், வசந்த காலத்துல மட்டும். எட்டு நாள். குளத்தோரம் மூணு கட்டத்துக்குள்ள நட்டா ஆறு நாள்லயே விளையும், தண்ணியும் ஊத்த வேண்டாம். மில் கட்டினா அரிசி.

---

நாஞ்சில்வயல்

ஆறு நாள்! பேச்சிப்பாறை அணையில் ஜூன் 1 தண்ணீர் திறப்பார்களா, கடைமடைக்கு எப்போது வரும் என்று கால்வாய்க் கரையில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். முதல் போகமான கன்னிப்பூ ஒரு நான்கு மாதம், இரண்டாம் போகமான கும்பப்பூ ஒரு நான்கு மாதம். ஆறு நாளில் விளையும் நெல்லைப் பார்த்தால் என் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வாய்க்கால் சண்டை உண்டா அதில்?

---

குளச்சல்_சாளை

இல்ல அண்ணாச்சி. தண்ணிக்குச் சண்டையே இல்லாத ஊரு. அதான் கேம்னு சொல்லுகோம்.

---

அபுதாபி_தக்கலை

இந்த ஸ்டார்டியூவை முழுக்க ஒரே ஆள் செஞ்சாருங்கறதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியல. எரிக் பரோன். படம், பாட்டு, கதை, கம்ப்யூட்டர் புரோகிராம் எல்லாம் தனியா, நாலரை வருஷம். 2016 பிப்ரவரி 26ல கம்ப்யூட்டருக்கு, அதே வருஷம் டிசம்பர்ல பிஎஸ்4க்கு, 2017 அக்டோபர்ல ஸ்விட்ச்சுக்கு. 4 கோடிப் பிரதிக்கு மேல வித்தாச்சு. அப்புறமும் அப்டேட்டுக்குக் காசு கேட்கல. அனிமல் கிராஸிங் கட்சிக்காரன் நான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்துல தலை வணங்கறேன்.

---

மலையோரத்துப்பிள்ளை

பத்து நாள் கழிச்சு வாறேன். நிலவரம் சொல்லணும்ல.

யுபிஎஸ் மோடுல போட்டுப் பாத்தோம். கோட்டார் அண்ணன் சொன்னது அச்சொட்டா நடந்துட்டு: பிஎஸ்4 அசையல, ஆனா சாயங்கால வோல்டேஜுல பேட்டரி எட்டு மணிக்கே காலி, ராத்திரி ஃபேன் இல்ல. அப்பா விட்ட ஏச்சு கேக்கணும். இப்பம் இன்வெர்ட்டர் பழையபடி நார்மல்ல. தெரிஞ்ச ஒரு டியூஷன் சென்டர்ல கம்ப்யூட்டரை மாத்தினாவ, அங்க மிச்சம் வந்த 600 விஏ யுபிஎஸ்ஸை வாங்கிப் புது பேட்டரி போட்டாச்சு. கரண்ட் போனா அது பீப் பீப்னு கத்தும். அம்மை அந்தச் சத்தம் கேட்டதும் கையில இருக்கதைப் போட்டுட்டு விறுவிறுன்னு வீட்டைப் பாத்து ஓடுவா (கேமுலதான்). ஒன்பது நிமிஷம் தாங்குது. தூரத்துல இடி கேட்டாலே போதும், கேமுல மத்தியானம் ஆனாலும் கட்டில்ல ஏறிருவா. பெறவு பிளக்கு, கேபிள் எல்லாம் கழட்டி எடுத்து வைப்பா. நோட்டுல அவளே ஒரு வரி எழுதிச் சேத்திருக்கா: "சத்தம் கேட்டால் உறங்கவும்."

போன அந்த ஸ்ட்ராபெர்ரி நாள்? மறுநாளே 13ஆம் தேதியைத் திரும்ப ஆடினா. ரெண்டாம் தடவை காலையிலேயே குழி எல்லாம் கொத்தி, ஈரமாக்கி வச்சுட்டுத்தான் திருவிழாவுக்குப் போனா. ராத்திரி வந்து விதையை மட்டும் இட்டா. 21ல ஒரு பறிப்பு, 25ல ஒரு பறிப்பு. கரண்ட் போகலேன்னா இந்த யோசனை வந்திருக்காதுன்னு சொல்லுகா. எனக்கு அது செரியாப் படல, கரண்ட் போனது போனதுதான். ஆனா அம்மைகிட்ட யாரு வாதாட.

இப்பம் திரையை ரெண்டாப் பிரிச்சு நானும் சேந்து ஆடுகேன். ராபின் கிட்டச் சொல்லி விளையில எனக்கு ஒரு குடிசை கட்டியாச்சு. பாதித் திரை அம்மைக்கு, பாதித் திரை எனக்கு. இதுல புதுச் சிக்கல். ஒரே ஆளு ஆடும்போ மெனு திறந்தா நேரம் நிக்கும். ரெண்டு பேருன்னா ஒருத்தர் திறந்தா நிக்காது. ரெண்டு பேரும் கட்டில்ல ஏறினாத்தான் நாளும் முடியும். எனக்கு சுரங்கத்துல கல்லு உடைக்குறதுன்னா பைத்தியம், வீட்டுக்கு வர மனசு வராது. அம்மை பத்து மணிக்கே போய்ப் படுத்துருவா. "நீ வராம நான் எப்பிடி ஒறங்க?"ன்னு இந்தப் பக்கம் சோபாவுல இருந்து கேக்கா. நான் நைட் டியூட்டி முடிஞ்சு வர நேரத்துல வாசல் திண்ணையில இருந்து கேக்குற அதே கேள்விதான்.

@நாஞ்சில்வயல் ஐயா, உங்க பேரைச் சொல்லிக் குளத்தோரம் நெல்லு நட்டிருக்கா. பன்னிரண்டு நாத்து. கன்னிப்பூவா கும்பப்பூவான்னு கேக்கச் சொன்னா.

இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போ அம்மை கட்டில்ல ஏறியாச்சு. மத்த ஆளுக்காகக் காத்திருக்குன்னு அவ பக்கத்துத் திரையில எழுத்து நிக்கு. எனக்க ஆளு சுரங்கத்துல சும்மா நிக்கான், மணி ஒண்ணு நாப்பது. போறேன்.